அனைவரும் என்றால் யார் யார்

கடிதத்தைக் குடியிருப்போர் சங்கச் செயலாளரே கையில் கொண்டுவந்து கொடுத்தார். தபால் பெட்டியில் போட்டிருக்கலாம். நேரில் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்திருப்பார். சனிக்கிழமை காலை, அவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு கால் செருப்புக்குள், இன்னொரு கால் வெளியே. அப்படியே நின்று படித்தாள்.

‘குடியிருப்போர் அனைவரின் ஒருமித்த கருத்து யாதெனில், தங்கள் சகோதரர் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் இக்கட்டடத்தில் தங்குவது உசிதமல்ல. தாங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு காலை இது குறித்துக் கூட்டம் நடைபெறும்.’

“அனைவரும்னா யார் யாருங்க?” என்று கேட்டாள்.

செயலாளர் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். யார் எது கேட்டாலும் விலை குறைத்துக் கேட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். “எல்லாரும்தாம்மா.”

“கையெழுத்து ஒண்ணுமே இல்லையே.”

“இதுக்கெல்லாம் எதுக்கும்மா கையெழுத்து? தெரிஞ்ச விஷயம்தானே. உங்க மனசு நோகக் கூடாதுன்னு நான்தான் பக்குவமா எழுதியிருக்கேன். மத்தவங்க பேசறதை எழுதினா காகிதம் தாங்காது.”

அவர் போன பிறகு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு அவள் கடைக்குப் போனாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து எழுதிக் கொடுப்பது வேலை. கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. நான்கு மாடி, மாடிக்கு ஆறு வீடு. முதல் மாடியில் அப்பா வாங்கிய வீட்டில் அவளும் தம்பியும் இருந்தார்கள். அவளுடைய கல்யாண வாழ்க்கை இரண்டே வருஷத்தில் முடிந்துபோனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, கட்டடம்தான் பேசும்.

தம்பி வயரிங் வேலை செய்பவன். கட்டடத்தில் பாதி வீட்டு மின்விசிறி அவன் கைபட்டு ஓடியதுதான். பத்து மாதங்களுக்கு முன் அவனுக்குத் தூக்கம் கெட்டது. பிறகு பேச்சு கெட்டது. சுவருக்குள் போகும் கம்பிகளில் யாரோ பேசுகிறார்கள் என்றான். ஒரு நாள் மதியம் கீழே மீட்டர் அறைக்குள் போய் மொத்தக் கட்டடத்துக்கும் மெயினை இறக்கிவிட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார் லிப்டில் ஏறிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, இருட்டில், வெயில் காலத்தில் நாற்பது நிமிஷம். வெளியே எடுத்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் மிச்சப் படிகளை ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். தம்பியை அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தாள்.

இப்போது அவனுக்கு நன்றாகிவிட்டது. “மருந்து பாதி, வீடு பாதி. மருந்தை நான் எழுதித் தரேன், வீட்டை நீங்கதான் பாத்துக்கணும்” என்றார் டாக்டர். மூன்று வாரத்தில் அழைத்துப் போகலாம்.

அன்று முழுக்க அவளுக்குக் கோபம். என் வீடு, என் தம்பி, எவன் கேட்பது? கண்ணாடி மாற்ற வந்த ஒரு வக்கீலிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். யாராலும் தடுக்க முடியாது என்று அவரும் சொன்னார். ஆனால் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவனைக் கூட்டி வந்துவிடலாம். அதற்குப் பிறகு தினமும் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியவன் அவன். டாக்டர் சொன்ன ‘வீடு பாதி’யில் அந்தப் படிக்கட்டும் சேர்த்தி. அன்று வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாள். ‘அனைவரும்’ யார் யார் என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் கதவைத் தட்டினாள். அந்தம்மா மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

“எனக்கு என்னம்மா? உன் தம்பி தங்கமான பையன். நோவு யாருக்குத்தான் வராது? ஆனா மத்தவங்கன்னு இருக்காங்களே.”

இரண்டாம் மாடியில் பஸ் ஓட்டுநர் சீருடையில் இருந்தார். “என் வரைக்கும் ஒண்ணும் இல்லக்கா. மத்த வீட்டுக்காரங்க ஒத்துக்கணுமே, அதான் யோசனை.”

மேலே ஒரு வீட்டிலும் அதே பதில். ‘மத்தவங்க’ வீட்டு நம்பர் என்ன என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் மாடிப் பக்கம் கையைக் காட்டி, “கணக்கு வாத்தியார் விடுவாரா?” என்றார்கள்.

அவளுக்குக் கடை நினைவு வந்தது. அங்கே பத்துப் பேரில் மூன்று பேர் கண்ணால் படிப்பதில்லை, காதால் படிக்கிறார்கள். பெஞ்சில் காத்திருக்கும்போது முன்னால் போனவர் வாசித்த எழுத்துகள் காதில் விழும். தங்கள் முறை வந்ததும் அதையே ஒப்பிப்பார்கள். இன்னும் சிலர், அவள் முகம் கோணக் கூடாதென்று, மங்கலாகத் தெரிவதையும் “தெரியுதும்மா” என்பார்கள். அதனால் அவள் எழுத்துப் பலகையை அடிக்கடி மாற்றுவாள்; கேட்கும்போது குரலில் ஏற்ற இறக்கம் காட்ட மாட்டாள். இங்கேயும் அக்கா நேரில் வந்து கேட்டால் முகத்துக்காகத்தானே சொல்வார்கள்? தையல்காரம்மா சொன்னதும் அப்படித்தானோ என்னவோ.

மறுநாள் லென்ஸ் ஆர்டர் எழுதும் சீட்டுகளில் பழைய கட்டு ஒன்றை எடுத்து வந்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி எழுதினாள். ‘ஒன்று: என் தம்பி இங்கே வந்து இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா? இரண்டு: இந்தக் கட்டடத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்சேபம் இருக்கும் என்று நினைக்கிறீர்களா?’ கண்ணாடிச் சட்டங்கள் வரும் அட்டைப் பெட்டி ஒன்றை ஒட்டி, மேலே சீட்டு நுழையும் அளவுக்குக் கீறிவிட்டாள். பேர் எழுத வேண்டாம். மடித்துப் போட்டால் போதும். ஒவ்வொரு வாசலிலும் பெட்டியை நீட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

இரண்டு மாடி முடிவதற்குள் செயலாளர் படியேறி வந்துவிட்டார்.

“என்னம்மா இது, எலெக்‌ஷனா? யார் உங்களுக்கு அதிகாரம் குடுத்தது?”

“அனைவரும்னு எழுத உங்களுக்கு யார் குடுத்தாங்களோ, அவங்கதாங்க.”

அவர், “கூட்டத்துல பாத்துக்கலாம்” என்று இறங்கிப் போனார்.

மூன்றாம் மாடியில் கணக்கு வாத்தியார் வீட்டு வாசலில் அவளுக்குக் கால் கனத்தது. எட்டு மாதமாக அவர் எதிரில் வரும் நேரம் பார்த்து அவள் படிக்கட்டைத் தவிர்த்திருந்தாள். அன்று மருத்துவமனை ஓட்டம். மறுநாள் வெட்கம். ஒரு வாரம் போன பிறகு, இனி எந்த முகத்தோடு போவது என்று ஆகிவிட்டது.

வாத்தியார் சீட்டை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். படித்துக்கொண்டே இருந்தார்.

“கேள்வி ரெண்டும் சரியாத்தான் இருக்கு. மூணாவது ஒண்ணை விட்டுட்ட.”

“என்னது சார்?”

“என்ன செஞ்சா ஆட்சேபம் போகும்னு கேக்கலையே. உண்டா இல்லையான்னு கேட்டு எண்ணிட்டு, அப்புறம் என்ன பண்ணுவ?”

 கேட்க வேண்டிய மன்னிப்பு அவள் வாய்வரை வந்து நின்றுவிட்டது. அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கீழே இறங்கி வந்து, தையல்காரம்மாவின் கண்ணெதிரிலேயே அவள் பெட்டியைத் திறந்து, போட்டிருந்த சீட்டுகளை ஒன்றைக்கூடப் பிரிக்காமல் கிழித்தாள். “ஏம்மா, பைத்தியமா உனக்கு? ரெண்டு மாடி முடிச்சிருக்க!” என்று அந்தம்மா பதறினாள். பிறகு சொன்ன வார்த்தையை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியக்கா சிரித்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மூன்று கேள்வியோடு புதுச் சீட்டு எழுதி, மறுபடி முதல் மாடியிலிருந்து ஏறினாள். சாயங்காலம் கடை விட்டு வந்ததும் ஒரு மாடி. வீட்டில் இல்லாதவர்களுக்கு மறுநாள். முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இரண்டாம் மாடியில் ஒரு சின்னப் பிள்ளைக்காரி கதவுச் சங்கிலியை எடுக்காமலே சந்து வழியாகச் சீட்டை வாங்கினாள். “மறுபடியுமா?” என்று அலுத்துக்கொண்டார் பஸ் ஓட்டுநர். ஆனாலும் எழுதினார். இரண்டு வீடு பூட்டியிருந்தது. மிச்சம் இருபத்தொரு சீட்டும் பெட்டிக்குள் விழுந்தன. வாத்தியாருடையதும் சேர்த்து.

கூட்டத்துக்கு முதல் நாள் தையல்காரம்மா, ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, “எல்லாரையும் கேட்ட. உன் சீட்டு எங்க?” என்றாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் ஒரு சீட்டை எடுத்து வைத்தபோது அது விளையாட்டாக இல்லை. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதப் பேனாவை எடுத்தாள். போன வாரம் தன் படுக்கையறைக் கதவுக்கு உள்பக்கம் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. தச்சரிடம் கதவு ஆடுகிறது என்று சொல்லியிருந்தாள். கதவு ஆடவில்லை. டாக்டர் தேதி சொன்ன மறுநாள் அவள் தச்சரைக் கூப்பிட்டிருந்தாள்.

இந்தக் கட்டடத்துக்காரர்களைவிடத் தான் வேறு என்று இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்தாள். அவர்கள் கடிதம் எழுதினார்கள், இவள் தாழ்ப்பாள் வாங்கினாள். வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கேள்விகளுக்குக் கீழே, ‘பயம் இருக்கிறது. இருந்தாலும் வரட்டும்’ என்று எழுதி, மடித்துப் பெட்டிக்குள் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வழக்கமாக ஏழெட்டுப் பேர் வருவார்கள்; அன்று நாற்காலி போதாமல் சிலர் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்தார்கள். அவள் பெட்டியைச் செயலாளர் முன்னால் வைத்தாள்.

“நீங்களே பிரிங்க. நான் பாக்கல.”

செயலாளர் இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் சீட்டைப் பிரித்தார். “முதல் கேள்விக்கு, இல்லை. ரெண்டாவதுக்கு, ஆமாம்.” அடுத்தது. “இல்லை. ஆமாம்.” அடுத்தது. “உண்டு. ஆமாம்.” இதைக் கொஞ்சம் சத்தமாகப் படித்தார். அடுத்தது, “இல்லை. ஆமாம்.” பிறகும் அதே. பஸ் ஓட்டுநர் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பத்துச் சீட்டு தாண்டியதும் செயலாளரின் குரல் இறங்கிவிட்டது. பின்னால் இருந்த ஒருவர், “சத்தமா சொல்லுங்க, கேக்கல” என்றார்.

தனக்கு ஆட்சேபம் என்றவர்கள் ஆறு பேர். இல்லை என்றவர்கள் பதினைந்து பேர். மற்றவர்களுக்கு ஆட்சேபம் இருக்கும் என்று நினைத்தவர்கள் பதினெட்டுப் பேர்.

 பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஒவ்வொருவரும் புதிதாகப் பார்த்தார்கள். “அப்ப இத்தனை நாளா யாரைப் பாத்துடா பயந்தோம்?” என்று யாரோ கேட்க, சிரிப்பு கிளம்பியது.

“ஒரு சீட்டு பாக்கி” என்றார் செயலாளர். “உண்டு, இல்லைன்னு எதுவும் போடல. ‘பயம் இருக்கிறது. இருந்தாலும் வரட்டும்’னு எழுதியிருக்கு. இது யாரோ…”

“என்னோடதுங்க.”

சிரிப்பு அடங்கியது. அவள் எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஆட்சேபம்னு எழுதின ஆறு பேர்மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்களுக்கு என்ன பயமோ அதேதான் எனக்கும். ராத்திரி தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் படுக்கப் போறேன், அதுக்குத் தச்சரை வெச்சு வேலையும் முடிச்சாச்சு. ஆனா அவன் என் தம்பி. எட்டு மாசமா எல்லா மருந்தும் சாப்பிட்டு எழுந்து வந்திருக்கான். அவன் வரத்தான் போறான். எப்படி வந்தா உங்களுக்கும் சரி, எனக்கும் சரின்னு மட்டும்தான் நான் கேக்கறேன்.”

செயலாளர் மூன்றாவது கேள்விக்கான பதில்களைப் படித்தார். மீட்டர் அறைக்குப் பூட்டுப் போட வேண்டும். மருந்து சாப்பிடுகிறானா என்று அக்கா பார்க்க வேண்டும், அக்கா இல்லாதபோது யாராவது பார்க்க வேண்டும். ஏதாவது மாறுதல் தெரிந்தால் டாக்டருக்குச் சொல்ல நம்பர் வேண்டும். ‘ஒன்றும் செய்ய வேண்டாம், என் மிக்ஸியைப் போன வருஷம் சும்மா சரிசெய்து கொடுத்த பையன்’ என்றது ஒன்று. ‘எது செய்தாலும் போகாது’ என்றது இன்னொன்று. கடைசியாக, உருண்டையான எழுத்தில், ‘என்னிடம் யாரும் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.’

யாருடையது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

“சார், மன்னிச்சிடுங்க. எட்டு மாசம் முன்னாடியே வந்திருக்கணும். முகத்தைப் பாக்க வெட்கமா இருந்தது.”

“உன்கிட்ட கேக்கல” என்றார் வாத்தியார், உட்கார்ந்தபடியே. “மெயினை நீ இறக்கல. அவன் வரட்டும். வந்தா கதவைத் திறப்பேன். அதுக்கு மேல இப்ப எதுவும் சொல்ல முடியாது.” பிறகு செயலாளரைப் பார்த்தார். “நான் அந்த ஆறு பேர்ல ஒருத்தன். இன்னிக்கும்தான். ஆனா ஒருத்தன்தான். என்னைக் காட்டி அனைவரும்னு எழுதினீங்களே, எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“இல்ல சார், மத்தவங்கல்லாம்…” என்று தொடங்கிய செயலாளர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. மீட்டர் அறைக்குப் பூட்டு வாங்குவது என்று முடிவானது. மதியம் அவளில்லாத நேரத்தில் மாத்திரைக்குத் தான் பொறுப்பு என்றாள் தையல்காரம்மா.

தம்பியை அழைத்து வந்த அன்று இருவரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவன் இளைத்திருந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“எத்தனை பேர் வேணாம்னாங்க?”

சீட்டுப் பெட்டி விஷயத்தை முன்பே சொல்லியிருந்தாள்; எண்ணிக்கையை மட்டும் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தாள். “ஆறு பேர்.”

“நீ என்ன எழுதின?”

“பயம் இருக்குன்னு எழுதினேன்டா. ரூமுக்குத் தாழ்ப்பாள்கூட வெச்சேன்.”

அவன் திரும்பிப் பார்த்தான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். ஆனால் அவன் முகம் லேசாயிற்று.

“எனக்கும்தான் இருக்கு. அங்க வந்து பாக்கறவங்க எல்லாம் ‘ஒண்ணும் பயமில்ல, ஒண்ணும் பயமில்ல’ம்பாங்க. அப்பதான்க்கா ரொம்பப் பயமா இருக்கும்.” கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு முதல்ல தூக்கம்தான் போகும். ரெண்டு நாள் சேந்தாப்புல தூங்கலன்னா கேளு. தயங்காத. நான் கத்தினாலும் கேளு” என்றான்.

“கேக்கறேன்.”

மறுநாள் காலை அவன் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனான். அவளும் போனாள், ஆனால் இரண்டு படி கீழேயே நின்றாள். வாத்தியார் சொன்னபடி கதவைத் திறந்தார். ‘வா’ என்று சொல்லவில்லை.

“சார், அன்னிக்கு நான் பண்ணினது தப்பு. மன்னிச்சிடுங்க.”

வாத்தியார் அவனை மேலும் கீழும் பார்த்தார். “கம்பிக்குள்ள பேசினாங்கன்னியாமே. என்ன பேசினாங்க?”

எட்டு மாதத்தில் டாக்டரைத் தவிர யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

“பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது சார். விடாம. மெயினை இறக்கினா நின்னுடும்னு நினைச்சேன்.”

“நின்னுதா?”

“இல்ல.”

“நான் உள்ள இருந்து கத்திக்கிட்டே இருந்தேன். உனக்குக் கேட்டுதா?”

தம்பி தலையைக் குனிந்தான். “கேட்டது சார். அதுவும் நிஜம் இல்லன்னு நினைச்சேன்.”

வாத்தியார் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.  “அது நிஜம்ப்பா” என்றார்.

“இப்பத் தெரியும் சார்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, “நிக்காத, உக்காரு” என்றார். பிறகு படியில் நின்றவளைப் பார்த்து, “நீ வேலைக்குப் போ. நேரமாகலையா?” என்றார்.

கட்டடம் மாறிவிட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆறு பேரில் இரண்டு பேர் ஒரு மாதத்தில் தம்பியிடம் பேச ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் பேசவில்லை, அவள் வற்புறுத்தவும் இல்லை. அவன் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். காலையில் அக்காவும் தம்பியும் ஒன்றாகவே இறங்குவார்கள். இரண்டாம் மாடிச் சின்னப் பிள்ளைக்காரி எதிரே வந்தால் இப்போதும் குழந்தையை மறுபக்கம் இழுத்துக்கொள்வாள். தம்பி சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவான்.

ஒரு நாள் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்கத் திரும்பினாள். தம்பி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“விடுக்கா. நினைக்கறதை நேராக் காட்டறாங்க. எனக்கு அது போதும். வா, பஸ் போயிடும்.”